உலர்ந்த வீட்டில் பு-எர் தேயிலை: தேர்வு, பெட்டி, சுவை

பு-எர் தேயிலை வட்டு ஒன்று நம் வீட்டுக்கு வந்து சேரும்போது அது இன்னும் மாறிக்கொண்டிருக்கும் பொருளாகவே வருகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், பெரிய இலை கொண்ட அசாமிகா வகைத் தேயிலையைப் பறித்து, சற்றே வாட விட்டு, இரும்பு வாணலியில் வறுத்து, உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கொடுக்கும் அளவுக்குக் கடும் சூட்டை இதற்குக் கொடுப்பதில்லை. ஆகையால் இலையில் உள்ள நொதிகள் முற்றிலும் அழிவதில்லை, நுண்ணுயிர்களும் இலையோடு தங்கிவிடுகின்றன. பிறகு நீராவியில் இளக்கி வட்டாக அழுத்திய பின்னும் அந்த இலைக்குள் மாற்றம் பல ஆண்டுகள் மெல்லத் தொடர்கிறது. அதற்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். ஹாங்காங், குவாங்சோ, கோலாலம்பூர் போன்ற ஊர்களில் அந்த இரண்டையும் காற்றே கொடுத்துவிடுகிறது. நான் வாழும் டொராண்டோவில் குளிர்காலம் முழுவதும் அவை கிடைப்பதில்லை.

வெளியே உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே இருக்கும் காற்று 80 சதவீத ஒப்பு ஈரப்பதத்தோடு (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் 80 பங்கோடு) இருந்தாலும், அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் மனிதர் விடும் மூச்சும் சேர்ந்து அதைச் சற்று உயர்த்துகின்றன. ஆனாலும் ஜனவரியில் எங்கள் வரவேற்பறையில் ஈரப்பதமானி 22 முதல் 28 வரைதான் காட்டுகிறது. இந்தக் காற்றில் திறந்து கிடக்கும் தேயிலை வட்டு மணத்தை இழந்து, தட்டையாகி, ஏறத்தாழ உறங்கிப்போகிறது. மேற்கு நாடுகளில் பு-எர் பருகத் தொடங்குவோர் வாங்குவதைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். வாங்கியதை வைத்திருப்பதைப் பற்றி அதில் பாதி கூட யோசிப்பதில்லை என்பது என் கருத்து. ஆகவே இந்தப் பதிவில் வட்டைத் தேர்ந்தெடுத்த முறையையும், அதற்காகப் பெட்டி அமைத்த விதத்தையும், அந்தப் பெட்டி சுவையில் என்ன செய்தது என்பதையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

முதலில் எதை வாங்குவது என்பது. பு-எர் இரண்டு வகைப்படும். மேலே சொன்னபடி உலர்த்தி அழுத்தியது ஷெங் எனப்படும் பச்சை வகை. இளமையில் கசப்பும் துவர்ப்பும் மலர்மணமும் உடையது, காலம் செல்லச் செல்லத் தேன்நிறமும் பின்னர் செம்பழுப்பும் அடைவது. ஷோ எனப்படும் பழுத்த வகையில், உலர்ந்த இலையைக் குவியலாகக் கொட்டி, நீர் தெளித்து, மூடி, அவ்வப்போது புரட்டி, சில வாரங்கள் நொதிக்க விடுகிறார்கள். குவியலுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை முதலான நுண்ணுயிர்கள் அங்கே பெரும்பணி செய்கின்றன. நெடுங்காலம் வைத்திருந்த தேயிலையின் தன்மையை விரைவில் எட்டுவதற்காக 1973 வாக்கில் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டு, மெங்ஹாய் தொழிற்சாலையிலும் செம்மைப்படுத்தப்பட்ட முறை இது. புதிதாகத் தொடங்குவோருக்குப் பழுத்த வகை மன்னிக்கும் குணமுள்ளது: கொதிநீரில் நீண்ட நேரம் கிடந்தாலும் கசக்காது. ஆனால் சேமிப்பின் விளைவை அறிய வேண்டுமானால் பச்சை வகையைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

வட்டின் மரபான எடை 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மட்டையில் சுற்றிக் கட்டினால் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ வரும். இன்று 200 கிராம் வட்டுகளும் பரவலாகக் கிடைக்கின்றன. மேற்கில் தனியாகப் பருகுவோருக்கு அவை மிகப் பொருத்தமானவை. பெரிய தொழிற்சாலைகளின் வட்டுகளில் நான்கு இலக்க எண் இருக்கும். 7542 என்றால், அந்தக் கலவை 1975இல் வகுக்கப்பட்டது, இலைத்தரம் சராசரியாக நான்கு, செய்தது மெங்ஹாய் தொழிற்சாலை என்று பொருள். கடைசி இலக்கம் 1 ஆனால் குன்மிங், 3 ஆனால் ஷியாகுவான். முதல் இரண்டு இலக்கங்கள் வட்டு அழுத்தப்பட்ட ஆண்டைக் குறிப்பதில்லை. 7542 என்று அச்சிட்ட வட்டை 1975ஆம் ஆண்டுச் சரக்கு என்று நம்பிப் பெரும்பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆதலால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் பின்பற்றும் முதல் விதி, மாதிரி பருகாமல் வட்டு வாங்குவதில்லை என்பது. யுன்னானிலிருந்து நேரடியாக அனுப்பும் வணிகர்கள் 25 கிராம் மாதிரிகளை விற்கிறார்கள். ஒரு முறைக்கு 7 கிராம் வைத்தால் மூன்று முறை முழுமையாகப் பருகலாம். மிச்சத்தைப் பெரிய குவளையில் போட்டு, நேரம் பார்க்காமல் ஊறவிட்டு, அந்தக் கடுமையிலும் தேநீர் தாங்குகிறதா என்று பார்க்கலாம். இந்தக் கடைசிச் சோதனை கொடூரமானதாகத் தோன்றும். ஆனால் நல்ல இலையின் கசப்பு நாக்கிலிருந்து விரைவில் கலைந்து தொண்டையில் இனிப்பாகத் திரும்புவதும், மட்டமான இலையின் கசப்பு நாக்கின் மேல் அப்படியே அமர்ந்துவிடுவதும் இதில்தான் ஐயமின்றித் தெரிகிறது. சீனர்கள் ஹுய்கான் என்று சொல்லும் அந்தத் திரும்பி வரும் இனிமையே நான் பச்சை வகையில் முதன்மையாகத் தேடுவது.

இரண்டாவது விதி, உறையின் மேல் அச்சிட்டிருக்கும் மலைப்பெயருக்கும் மரத்தின் வயதுக்கும் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. லாவோ பான்ஜாங், பிங்தாவ் போன்ற கிராமங்களின் இலைக்கு விலை மிக உயர்ந்துவிட்டது; அந்தச் சிறிய கிராமங்கள் விளைவிப்பதைவிடப் பல மடங்கு வட்டுகள் அவற்றின் பெயரைச் சுமந்து சந்தையில் திரிகின்றன. சாதாரண விலைக்கு லாவோ பான்ஜாங் வட்டு கிடைத்தால் அது அந்த ஊர் இலையாக இருக்க வழியில்லை. பழைய மரத்து இலை என்ற கூற்றைக் கனடாவில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடிந்தவை மூன்றே: இலையின் தோற்றம், கோப்பையில் உள்ள சுவை, கிராமுக்கு என்ன விலை என்ற கணக்கு. 200 கிராம் வட்டையும் 357 கிராம் வட்டையும் 100 கிராம் கிண்ண வடிவ டுவோச்சாவையும் கிராம் விலைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

ஊகவணிகம் இந்தத் தேயிலையை எப்படி ஆட்டிவைத்தது என்பதற்கு 2007ஆம் ஆண்டே சான்று. அந்த ஆண்டின் தொடக்கம் வரை விலை வெறியாக ஏறியது. சிமாவ் நகரம் தன் பெயரைப் பு-எர் என்று மாற்றிக்கொண்டதும் அதே ஆண்டில்தான். வசந்தம் முடிவதற்குள் சந்தை சரிந்தது. அந்த ஏற்றத்தின்போது அவசரமாகச் செய்த வட்டுகளில் தரம் மிகவும் ஏறி இறங்குகிறது. எனவே 2006, 2007 என்ற ஆண்டைப் பார்த்து மட்டும் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. பழைய ஆண்டு என்பது தன்னளவில் ஒரு சிறப்பு ஆகாது.

ஆண்டைவிட, அந்த ஆண்டுகளை வட்டு எந்த ஊரில் கழித்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் மிதமான குளிரும் வறட்சியும் உள்ள குன்மிங்கில் வைத்திருந்த வட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பச்சையின் கூர்மையையும் உயர்ந்த மணத்தையும் காட்டும். குவாங்துங் கடலோரத்து வெப்பத்திலும் ஈரத்திலும் அதே வயதில் இருந்த வட்டு, செம்பழுப்பு நிறமும் மரப்பட்டை, உலர்பழம் போன்ற மணமும் பெற்றிருக்கும். ஹாங்காங்கின் மரபான கிடங்குகளில், வேண்டுமென்றே மிகு ஈரத்தில் சில காலம் வைத்துப் பிறகு உலர்ந்த இடத்துக்கு மாற்றும் வழக்கம் இருந்தது. அத்தகைய தேநீரில் கற்பூரமும் நாட்டுமருந்துக் கடையும் ஈரமண்ணும் சேர்ந்த மணம் வரும். ஒரே 7542 கலவையை வெவ்வேறு சேமிப்பிலிருந்து மாதிரியாகத் தருவித்து, ஒரே மாலையில் அருகருகே வைத்துப் பருகியதுதான் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம். கிடங்கு ஒரு தேயிலையை இத்தனை தூரம் நகர்த்த முடியுமானால், என் வீடும் அதை ஏதோ ஒரு திசையில் நகர்த்திக்கொண்டுதானே இருக்கும் என்ற எண்ணத்திலிருந்தே பெட்டி வேலை தொடங்கியது.

ஸ்பாடினா சாலையிலும் மார்க்கம் பகுதியிலும் உள்ள சீனக் கடைகளில் பழுத்த வகைச் சிறு உருண்டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அன்றாடம் உணவுக்குப் பின் பருக அவை போதும். பச்சை வகையைக் கற்க அங்கே வழி குறைவு.

பெட்டிக்குப் பலர் பழைய குளிர்பதனப் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லாததால், சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் 45 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். தடித்த சுவர்கள் இருப்பதால் அறையின் வெப்பநிலை ஏறி இறங்கும்போது உள்ளே மாற்றம் மெதுவாகவே நிகழும். வெப்பநிலை நிலையாக இருந்தால் ஒப்பு ஈரப்பதமும் நிலையாக இருக்கும். புதிய பிளாஸ்டிக்கின் வாடையைத் தேயிலை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, மூடியைத் திறந்துவைத்து, முகர்ந்து பார்த்தால் எதுவும் தெரியாத நிலை வரும்வரை பால்கனியில் காற்றாட விட்டேன். இந்தக் காத்திருப்பைச் சுருக்கக் கூடாது. மரப்பெட்டி அழகாக இருக்கும். ஆனால் தேவதாரு போன்ற மணமுள்ள மரம் தேயிலையைக் கெடுத்துவிடும், மணமற்ற மரமும் ஈரத்தை வெளியே கசியவிடும்.

அடுத்தது அளவி. மலிவான இலக்கமுறை ஈரப்பதமானிகளை அப்படியே நம்ப முடியாது; அவற்றைச் சரிபார்க்க உப்பு போதும். சமையல் உப்பைப் புட்டி மூடி ஒன்றில் நிரப்பி, சில துளி நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவந்து, ஈரப்பதமானியோடு காற்றுப்புகாத பையில் வைத்து ஒரு நாள் விட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. கரையாத உப்பும் செறிவூட்டிய கரைசலும் சேர்ந்திருந்தால், அறை வெப்பத்தில் அந்தப் பைக்குள் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என்னிடம் இருந்தவற்றுள் ஒன்று 71 என்றது, மற்றொன்று 77 என்றது. அந்த வேறுபாட்டை ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டினேன். பூசணம் பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் இடையே உள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், இந்தச் சோதனை இல்லாமல் பெட்டி அமைப்பது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

ஈரத்தைத் தருவதற்குச் சுருட்டுப் பெட்டிகளுக்காக விற்கும் இருவழிப் பொட்டலங்களைப் பயன்படுத்தினேன். போவேடா போன்ற நிறுவனங்கள் செய்யும் இவற்றுக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. காற்று உலர்ந்தால் ஈரத்தை விடும், மிகுந்தால் உறிஞ்சும். 65, 69, 72 என்று பல அளவுகளில் கிடைப்பவற்றுள் நான் 65ஐத் தேர்ந்தேன். 70க்கு மேல் போனால் மாற்றம் விரைவாகும் என்பது உண்மை. ஆனால் காற்றோட்டம் குறைந்த சிறு பெட்டியில் ஒரு மூலை மட்டும் 75ஐத் தாண்டினாலும் பூசணம் வரலாம். கிடங்குகளில் நாள்தோறும் பார்த்துப் புரட்டும் ஆட்கள் செய்யும் பணியை என் பெட்டியில் யாரும் செய்யப் போவதில்லை.

எத்தனை பொட்டலங்கள் வேண்டும் என்ற கணக்கைப் பெட்டியின் கொள்ளளவை வைத்துப் போடுவதுதான் வழக்கம். அது சரியான கணக்கு அன்று. 22 டிகிரியில் 45 லிட்டர் காற்று 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கும் நீர் வெறும் அரை கிராமுக்குச் சற்று மேல். ஆனால் குளிர்காலக் காற்றில் உலர்ந்த 357 கிராம் வட்டு ஒன்றின் நீரளவு மூன்று சதவீதம் உயர வேண்டுமானால் பத்து கிராமுக்கு மேல் நீர் வேண்டும். அதாவது பெட்டிக்குள் ஈரத்தைச் சேமித்துவைக்கும் பொருள் தேயிலைதான், காற்று அன்று. இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. தொடக்கத்தில் வட்டு ஒன்றுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்று தாராளமாகவே வைக்க வேண்டும். இல்லையேல் பொட்டலங்கள் விரைவில் கல்லாகிவிடும். ஒருமுறை வட்டுகள் ஈரத்தை ஏற்றுக்கொண்டபின், மூடியைச் சில நிமிடம் திறப்பதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இழந்த அரை கிராமை வட்டுகளே ஈடுசெய்துவிடும்.

இதை நான் தராசில் வைத்தும் பார்த்தேன். பிப்ரவரியில் அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்த வட்டு ஒன்று, முதல் வாரத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் எடை கூடி, ஏப்ரல் வாக்கில் கிட்டத்தட்ட 12 கிராம் ஏறி நின்றது. வட்டு இறுக அழுத்தப்பட்டிருப்பதால் ஈரம் நடுப்பகுதியை அடையக் காலம் பிடிக்கிறது. ஈரப்பதமானி இரண்டாம் நாளே 64 காட்டிவிட்டது. ஆனால் எடை ஏறிக்கொண்டிருந்த வரையில் தேயிலை சமநிலையை அடையவில்லை. ஈரப்பதமானியை மட்டும் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். உண்மையைச் சொன்னது சமையலறைத் தராசு.

பெட்டியை வைக்கும் இடம் முக்கியம். 22 டிகிரியில் 65 சதவீத ஈரம் கொண்ட காற்று 15 டிகிரிப் பரப்பைத் தொட்டால் நீராகப் படியும். எனவே வெளிச்சுவரை ஒட்டிய மூலையையும் பால்கனிக் கதவருகையும் தவிர்த்து, வீட்டின் நடுவே உள்ள துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். சமையலறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: பெருங்காயமும் வறுத்த மிளகாயும் இருக்கும் இடத்தில் இந்தத் தேயிலை ஒரு வாரம் கூடத் தன் மணத்தோடு இராது. பழுத்த வகை தன் மண்வாசனையைப் பச்சை வகைக்கு ஏற்றிவிடும் என்பதால் அதைத் தனிப் பெட்டியில் மூடி வைத்திருக்கிறேன். வட்டுகளைக் காகித உறையோடு, சற்று இடைவெளி விட்டு, செங்குத்தாக நிறுத்தி, மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் பிரித்து விளக்கொளியில் பார்க்கிறேன். பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறப் பஞ்சுபோன்ற படிவு தெரிந்தால் அந்த வட்டைப் பிரித்து வெளியேற்றுவதே முறை. இதுவரை அதற்குத் தேவை எழவில்லை.

பருகுவதற்கு வட்டை உடைக்கும்போது, தட்டையான மெல்லிய கத்தியையோ ஊசிமுனைக் கோலையோ வட்டின் விளிம்பில் பக்கவாட்டாகச் செலுத்தி, இலையடுக்கு நெகிழும் திசையில் மெல்ல நெம்ப வேண்டும். தாங்கிப் பிடிக்கும் கை ஒருபோதும் முனைக்கு எதிரே இருக்கக் கூடாது. அடுக்கடுக்காகப் பிரிந்த இலை மெதுவாகச் சாறு விடும். தூளானால் முதல் ஊற்றிலேயே கசந்துவிடும். ஒரு மாதிரியை அநியாயமாக ஒதுக்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஷியாகுவானின் இரும்புபோல் இறுகிய வட்டுகளுக்குக் கோல்தான் தகும்.

கைவான் என்னும் மூடியுள்ள 100 மில்லிலிட்டர் சீனக் கிண்ணத்தில் 7 கிராம் இலை, நன்கு கொதித்த நீர், முதலில் ஒரு கழுவல், பிறகு ஐந்து விநாடியில் தொடங்கிப் படிப்படியாக நீளும் ஊற்றுகள் என்ற முறையை எல்லா ஒப்பீடுகளுக்கும் மாற்றாமல் வைத்திருந்தேன். நீரும் ஒரு பொருட்டு. ஒன்டாரியோ ஏரியிலிருந்து வரும் எங்கள் குழாய்நீர் நடுத்தரக் கடினத்தன்மை உடையது. அதில் பழுத்த வகை நன்றாகவே வருகிறது, இளம் பச்சை வகையின் உயர்ந்த மணம் அமுங்கிவிடுகிறது. குறைந்த தாதுக்கள் கொண்ட ஊற்றுநீரைப் பாதிக்குப் பாதி கலந்தபோது அந்த மணம் தெளிந்து வந்தது. முற்றிலும் வடித்த நீர் சாற்றை வெறுமையாக்கிவிடுகிறது. அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய, யுன்னானின் யிவு பகுதியைச் சேர்ந்த இளம் பச்சை வட்டு ஒன்றை இலையுதிர்காலத் தொடக்கத்தில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பெட்டிக்குள்ளும் மறுபாதியை அதே காகிதத்தில் சுற்றிப் படிப்பறை அலமாரியிலும் வைத்திருந்தேன். குளிர்காலம் முடிந்ததும் ஒப்பிட்டேன். நாவின் விருப்பத்தை மனம் எளிதில் ஏமாற்றிவிடும் என்பதால் முக்கோணச் சோதனை செய்தோம்: மனைவி மூன்று கோப்பைகளில், இரண்டில் ஒரே பாதியும் ஒன்றில் மறுபாதியும் ஊற்றி, கோப்பையின் அடியில் குறியிட்டுத் தருவார், நான் வேறுபட்டதைச் சுட்ட வேண்டும். வெறும் ஊகத்தில் மூன்றுக்கு ஒன்று சரியாகும். பெரும்பாலும் சரியாகவே சுட்ட முடிந்தது. என் மனைவிக்கு நான் ஊற்றித் தந்தபோது, பு-எர் பழக்கமே இல்லாத அவரும் வேறுபாட்டை மணத்திலேயே கண்டுகொண்டார்.

அலமாரிப் பாதியில் சூடான கைவான் மூடியை முகர்ந்தால் மணம் மெலிந்திருந்தது. முதல் ஊற்றுகள் நீர்த்தும், நான்காவதற்குப் பிறகு துவர்ப்பு முனைந்தும் வந்தன. பெட்டிப் பாதியில் தேனும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கலந்த மணம் முன்னே வந்தது, சாறு வாயில் தடித்து நின்றது, தொண்டையின் இனிமை அடுத்த கோப்பைவரை நீடித்தது. இதை முதிர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குளிர்காலத்தில் பு-எர் முதிர்வதில்லை. இரண்டு பாதிகளின் சாறும் ஒரே மஞ்சள் நிறத்தில்தான் இருந்தன. நடந்தது என்னவென்றால், ஈரம் இழந்த இலை தன் மணத்தை வெளியிட முடியாமல் இருந்தது, ஈரம் காத்த இலையால் முடிந்தது. அலமாரிப் பாதியையும் பெட்டிக்குள் மாற்றியபோது, கோடை நடுவில் இரண்டையும் பிரித்தறிவது கடினமாகிவிட்டது என்பது இந்த விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. உலர்ந்த வீட்டில் ஓரிரு பருவம் கிடந்த வட்டைப் பாழாகிவிட்டது என்று தள்ள வேண்டியதில்லை.

ஹாங்காங் சேமிப்பில் இருந்த பழைய பச்சை மாதிரிக்கு வேறு வழி தேவைப்பட்டது. வந்த புதிதில் அதன் கிடங்கு வாடை மேலோங்கியிருந்தது. அதைப் பெட்டிக்குள் வைக்காமல், மண்சாடி ஒன்றில் துணியால் வாய்கட்டிச் சில வாரம் அறைக்காற்றில் விட்டேன். வாடை கலைந்து கற்பூர மணம் மேலே வந்தது. பிறகே தனிப் பையில் பெட்டிக்குள் போயிற்று. எல்லாத் தேயிலைக்கும் ஈரம் ஏற்றுவதே மருந்து என்று கொள்ளக் கூடாது. மிகை ஈரத்தில் வளர்ந்ததற்கு முதலில் உலர்வே தேவை.

இப்போது ஜூலையில் அறையின் ஈரப்பதம் தானாகவே 60ஐத் தொடுகிறது. குளிரூட்டி ஓடும் நாட்களில் மட்டும் 45க்கு இறங்குகிறது. எனவே பொட்டலங்களில் பாதியை வெளியே எடுத்துக் காற்றுப்புகாத பையில் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுகிறேன். வெப்பம் கூட்டும் சோதனையை அடுத்த குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறேன்: ஊர்வன வளர்ப்போர் பயன்படுத்தும் சூட்டு விரிப்பை வெப்பக் கட்டுப்பாட்டோடு பெட்டியின் ஒரு பக்கத்தில் பொருத்தி, உட்புறத்தை 27 டிகிரியில் நிறுத்துவது திட்டம். சூடான பக்கத்தில் காற்று உலர்ந்து எதிர்ப்பக்கத்தில் ஈரம் கூடும் என்பதால் ஈரப்பதமானியை இரு முனைகளிலும் வைக்க வேண்டும். 7542 வட்டுகள் இரண்டில் ஒன்று அந்தச் சூட்டிலும் மற்றொன்று இப்போதுள்ள பெட்டியிலும் இருக்கும். சாற்றின் நிறத்தில் வேறுபாடு தெரிய ஓரிரு ஆண்டாவது ஆகும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை இரண்டையும் பருவத்துக்கு ஒருமுறை எடைபோட்டு, அதே நீரில், அதே கைவானில் பருகிக் குறித்துவருவேன்.